மாற்றாமல் விட்ட பெயர்

மூன்றாம் பெஞ்சில் என் இடது கைப்பக்கம் உட்கார்ந்து, என் டிபன் பாக்ஸில் பாதியைத் தின்று தீர்த்த என் செல்விக்கு,

நாளைக்குப் பழங்காநத்தத்தில் உனக்குக் கருமாதி. நாளையோடு நீ போய்ப் பதினாறு நாள் ஆகிறது என்று நம்ப முடியவில்லை. மஞ்சள் காமாலை என்றார்கள், பத்தே நாளில் முடிந்துவிட்டது என்றார்கள். உன் மகளுக்கு இப்போதுதான் ஆறு வயசு. உன்னைப் போலவே உதட்டைச் சுழிக்கிறாள்.

இப்படி ஊரறிய உனக்குக் கடிதம் எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் உன் பெயரும் ஊரறியத்தானே கெட்டது? அதனால் இதையும் நாலு பேர் படிக்கட்டும். இது அச்சில் வரும்போது நாளைய பொழுது முடிந்திருக்கும். நான் செய்ய வேண்டியதைச் செய்தும் இருப்பேன்.

இன்னமும் அந்தக் கதைகளைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன், செல்வி. தாலுகா ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை, வீட்டில் இரண்டு பிள்ளைகள், இருந்தாலும் டவுன் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் போதும், பையிலிருந்து மாத நாவலை எடுத்துவிடுவேன். பள்ளிக்கூடம், பெல் அடிக்கும் நேரம், படிக்கட்டில் இடித்துக்கொள்ளும் ஒரு பையனும் பெண்ணும். ஒவ்வொரு தடவையும் மனசு துள்ளத்தான் செய்கிறது. அடுத்த பக்கம் திருப்பும்போது உன் ஞாபகம் வந்து, சீ என்றாகிவிடும். மூடி வைப்பேன். இரண்டு ஸ்டாப் கழித்துத் திரும்பத் திறப்பேன். வெட்கம் கெட்டவள்தான் நான்.

நாம் அதையெல்லாம் எப்படிப் படித்தோம் என்று நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சிம்மக்கல்லில், நீ "ஒங்கப்பா கடை" என்பாயே, எங்கள் அத்தாவின் பழைய பேப்பர் கடைக்கு வாரப் பத்திரிகைகள் கட்டுக் கட்டாக வந்து விழும். தராசில் ஏறுவதற்கு முன்னால் நான் புகுந்து தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்துக்கொள்வேன். அடுத்த நாள் தமிழ் டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் அது உன் மடிக்கு வரும். நீ சமயநல்லூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவள், கால் வலிக்கிறது என்று ஒரு நாள் சொன்னதில்லை. முதல் பேச்சே, "அடுத்த வாரம் வந்துருச்சா?" என்பதுதான்.

அந்தக் கதைகளில் வரும் பள்ளிக்கூடத்துக்கு கேன்டீன் உண்டு, ஆண்டு விழாவில் நாடகம் உண்டு, பையன்கள் உண்டு. நம் பள்ளிக்கூடத்தில் ஆம்பளை என்று இருந்தது வாட்ச்மேன் ஒருத்தர்தான், அவருக்கும் பல் இல்லை. வாசலில் நெல்லிக்காய் விற்பவரைக் கணக்கில் சேர்க்கலாமா என்று நீ கேட்டு, இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து வெளியே நிற்க வேண்டியதாயிற்று. பையன்களே இல்லாத நமக்கு அந்தக் கதைகள் அம்புட்டு இனித்தன. நாம் யாரையும் காதலிக்கவில்லை. காதலிக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான்.

உனக்கு ஒரே ஒரு குறை. எந்தக் கதையிலும் கதாநாயகிக்குப் பாண்டிச்செல்வி என்று பெயர் இல்லை. "எல்லாவளும் பட்டணத்துப் பேராத்தான் வச்சிருக்காளுக. எம்பேர்ல ஒருத்தி வந்தா வேலக்காரியாத்தேன் வாரா" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாய். மைமூன் என்று மட்டும் கதாநாயகி வருகிறாளாக்கும் என்று நான் சொன்னால், உனக்கு அதில் ஆறுதல் கிடையாது.

அதனால்தான் செல்வி, எனக்கு அந்த யோசனை வந்தது. பதினோராம் வகுப்பில், ப்ளஸ் டூ வந்த புதுசு அது, உன் பிறந்தநாளுக்கு என்ன கொடுக்கலாம் என்று யோசித்தேன். உன் வீட்டில் பிறந்தநாள் கொண்டாடுகிற வழக்கமே கிடையாது. பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் பார்த்து நான்தான் கண்டுபிடித்தேன். நமக்கு உயிராக இருந்த தொடர்கதை அப்போதுதான் முடிந்திருந்தது. கடைசி வாரங்களை மட்டும் இன்னும் கடைக்கு வரவில்லை என்று சொல்லி உன்னிடம் காட்டாமல் வைத்திருந்தேன். எல்லா வாரத்தையும் சேர்த்து அடுக்கி, கதாநாயகி பெயர் வந்த இடத்திலெல்லாம் நீலப் பேனாவால் அடித்துவிட்டு, மேலே பாண்டிச்செல்வி என்று எழுதினேன். ஒன்றிரண்டு இடமா? விரல் காய்த்துப் போனது.

பாண்டிச்செல்விக்கு எதிரில் ஒரு பட்டணத்துப் பெயர் நின்றால் பொருந்துமா? அவனையும் அடித்துவிட்டு நம் பக்கத்துப் பெயராக ஒன்று போட நினைத்தேன். கடையில் எடைக்கு வந்து கிடந்த ஒரு பழைய நோட்டின் அட்டையில் வேல்முருகன் என்று இருந்தது. அதைப் போட்டேன். இந்த மதுரையில் தெருவுக்கு நாலு வேல்முருகன் இருப்பான் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். யோசிக்கவில்லை.

ஒரே கட்டாகத் தைக்கக் கோணி ஊசி ஏறவில்லை. அதனால் இரண்டு பாகமாகப் பிரித்து, இரண்டாம் பாகத்தை அப்புறம் தரலாம் என்று வைத்துவிட்டு, முதல் பாகத்தைத் தைத்து, பழுப்பு அட்டை போட்டு, லேபிளில் "வரலாறு" என்று எழுதி, கீழே உன் பெயரும் வகுப்பும் எழுதி உன் கையில் கொடுத்தேன். உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மத்தியானச் சோற்றைக்கூட மறந்துவிட்டாய். அப்புறம் வேல்முருகனைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஏய் மைமூனு, எங்க ஊர்ல ஒரு வேல்முருகன் இருக்காரு. பம்புசெட் மோட்டார் ரிப்பேர் பாக்குறவரு. எங்க ஆளுக இல்ல. இத மாத்தி வேற பேரு போட்டுக் குடுத்துரு."

மாற்றுகிறேன் என்றேன். அந்த வாரம் மாற்றவில்லை. அடுத்த வாரம் நீ கேட்டபோது, கை வலிக்கிறது, வரலாறு நோட்டை உன் வீட்டில் யார் திறக்கப் போகிறார்கள் என்று சொன்னேன். நீயும் சரி என்று பைக்குள் வைத்துக்கொண்டாய். கதை மேல் உனக்கு இருந்த ஆசை அப்படி. அது என் சோம்பேறித்தனம், செல்வி. வேறு பெயர் இல்லை அதற்கு.

திறந்தது உன் அண்ணன். உரக்கடைக்குப் போகிற அவசரத்தில் பட்டியல் எழுத வெள்ளைத் தாள் தேடி, உன் பையிலிருந்த வரலாறு நோட்டை எடுத்திருக்கிறார். உள்ளே வேல்முருகன் பாண்டிச்செல்விக்காகப் பஸ் ஸ்டாப்பில் காத்திருக்கிறான், அவள் விட்டுச்சென்ற கைக்குட்டையை மடித்து வைத்துக்கொள்கிறான். அச்சுக்கு மேலே பேனாவில் எழுதிய பெயர்கள் வேறு. அந்த மோட்டார்க்காரர்தான் உனக்கு எழுதிக் கொடுத்தார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். புத்தகம் அடுப்புக்குள் போனது. அந்த அப்பாவி மனுஷரை நாலு பேர் பஸ் ஸ்டாப்பில் வைத்து அடித்தார்கள். அவரும் கடையைச் சாத்திவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார்.

இதெல்லாம் எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, நீ உன் அப்பாவோடு டி.சி. வாங்க வந்த அன்றைக்கு. உன் அப்பா ஆபீஸ் வாசலில் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். நீ சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் என்னைத் தேடி வந்தாய். கண் வீங்கியிருந்தது. நடந்ததைச் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"ஒன் கையெழுத்துன்னு எங்கப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லிரு மைமூனு. நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறாரு. நீ சொன்னா நம்புவாரு."

இருபது அடி தூரம்கூட இருக்காது. நான் போகவில்லை. வயசுக்கு வந்த பெண்ணுக்கு இன்னும் என்ன படிப்பு என்று எங்கள் வீட்டில் அத்தாவின் அண்ணன், பெரியத்தா, அப்போதுதான் பேச ஆரம்பித்திருந்தார். இது காதில் விழுந்தால் என்னையும் நிப்பாட்டிவிடுவார்கள் என்று பயந்தேன். அதைத்தான் உன்னிடம் சொன்னேன். "எங்க அத்தா படிப்ப நிப்பாட்டிருவாரு செல்வி."

நீ என்னைத் திட்டியிருக்கலாம். நேராக உன் அப்பாவிடம் என் பெயரைச் சொல்லியிருக்கலாம். என் கையை விட்டுவிட்டு, "சரி விடு. நீயாச்சும் படி" என்றாய். திரும்பிப் பார்க்காமல் போனாய். என் பெயர் கடைசி வரைக்கும் உன் வாயிலிருந்து வரவில்லை.

நான் படித்தேன். ப்ளஸ் டூ எழுதினேன், டைப் ஹையர் பாஸ் செய்தேன், வேலைக்குப் போனேன். உன்னை அடுத்த தை மாதமே கட்டிக்கொடுத்தார்கள். பழங்காநத்தத்துக்கும் எனக்கும் ஒரு டவுன் பஸ் தூரம்தான். எத்தனை தடவை வந்தேன்? ஒரு தடவையும் வரவில்லை. மூன்று வருஷம் முன்னால் சிம்மக்கல் பழக்கடை வாசலில் நீயாகத்தான் என்னைப் பார்த்துக் கூப்பிட்டாய். இடுப்பில் பிள்ளை. நலம் விசாரித்து முடித்த கையோடு, "அந்தக் கதையில கடைசியில ரெண்டு பேரும் சேந்தாகளா?" என்று கேட்டாய்.

இரண்டாம் பாகம் என் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. வா, வீட்டுக்குப் போய் எடுத்துத் தருகிறேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? எடைக்குப் போட்ட பேப்பரோடு போய்விட்டது, முடிவும் மறந்துவிட்டது என்று உன் முகத்தைப் பார்த்தே பொய் சொன்னேன். அந்தப் புத்தகம் வெளியே வந்தால் நான் செய்ததும் கூடவே வெளியே வரும் என்று பயம். நீ சிரித்துக்கொண்டு, ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்து எனக்குப் பாதி கொடுத்தாய்.

உன்னை எடுத்த அன்றைக்கு வந்தேன், பார்த்தாயா? உன் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். "ஒங்கூடத்தான திரிஞ்சா. ஒனக்கு இருந்த புத்தி எம்புள்ளைக்கு இல்லாமப் போச்சேம்மா. கட்டிக்குடுத்த எடத்துலயும் அந்தப் பேச்சக் கேட்டே செத்தாளே." உன் அப்பா சுவரோரம் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? உன் அம்மாவின் முதுகைத் தடவிக் கொடுத்தேன். நல்ல பிள்ளையாகவே இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். சைக்கிள் ஸ்டாண்டில் எனக்குப் பதினாறு வயசு. இப்போது என்ன சாக்கு?

நேற்று மத்தியானம் கடைக்குப் போய் அத்தாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தராசுக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டு பேர் பேப்பர் போட வந்தார்கள், அப்புறம் வரச் சொல்லி அனுப்பிவிட்டார். எல்லாம் முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அன்னைக்கே வந்து சொல்லிருந்தா நானே ஒன்னய சமயநல்லூருக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேனேம்மா. அதுக்குப் போயி படிப்ப நிப்பாட்டுவனா?"

அதைக் கேட்டு நான் கடைக்குள்ளேயே அழுதேன், செல்வி. எட்டு வருஷமாக என் அத்தாவைச் சொல்லி என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. நான் கேட்கவே இல்லை.

நாளைக்கு அத்தாவும் கூட வருகிறார். உன் அப்பாவை நான் தனியாக ஓரமாகக் கூப்பிட மாட்டேன். உன்னைப் பற்றிப் பேசினவர்கள் எல்லோரும் சாப்பிட வந்து உட்கார்ந்திருப்பார்கள். அந்த இடத்திலேயே இரண்டாம் பாகத்தைப் பிரித்து, பக்கம் பக்கமாக நீல எழுத்தைக் காட்டுவேன். நம்பாவிட்டால் ஒரு தாளும் பேனாவும் கொடுங்கள், இப்போதே உங்கள் மகள் பெயரை எழுதிக் காட்டுகிறேன் என்பேன். அந்த மோட்டார்க்காரரும் ஒன்றும் அறியாதவர் என்று சொல்வேன். உன் அம்மா என்னை அடித்தால் வாங்கிக்கொள்வேன். அடிக்கட்டும்.

அதற்கு முன்னால் நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். முடிவு எனக்கு மறக்கவே இல்லை. இரண்டு பேரும் சேரவில்லை, பிரியவும் இல்லை. படிப்பு முடியட்டும், அப்புறம் வந்து எங்க அப்பாவைக் கேளுங்கள் என்று அவள் அவனிடம் சொல்லிவிடுகிறாள். ரிசல்ட் வருகிறது. கடைசிப் பக்கத்தில் அவள் மார்க் ஷீட்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு காலேஜுக்கு மனுக் கொடுக்க பஸ் ஏறுகிறாள். அந்தப் பக்கத்திலும் பழைய பெயரை அடித்துவிட்டு உன் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். "பாண்டிச்செல்வி பாஸ்" என்று என் கையெழுத்தில் இருக்கிறது.

உன் மகளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிகிறதாம். நாளைக்கு உன் அப்பா பார்த்து முடித்ததும் அந்தப் பக்கத்தை அவளிடம்தான் கொடுப்பேன். அவள் வாயால் அதைச் சத்தமாகப் படிக்கச் சொல்வேன். உன் அப்பா கேட்கட்டும். இந்தத் தடவை சொன்னபடி செய்வேன். வாரேன், செல்வி.

நீ காட்டிக்கொடுக்காமல் விட்ட, உன் கூடப் பிறக்காத தங்கச்சி,
மைமூன்