குறிப்பு என்ற கட்டத்தில் நான் எழுதியது

திருமுல்லைவாயில்,
வெள்ளிக்கிழமை காலை

அன்பு மகள் எவாவுக்கு,

நான் மொட்டைக் கடிதம் எதுவும் எழுதவில்லை. உன் அத்தை ஆக்னஸ் போனில் உன்னிடம் அப்படிச் சொன்னாள் என்று கேள்விப்பட்டேன், சர்ச்சில் மாதர் சங்கத்திலும் அதே பேச்சு, கீரை விற்கும் சாமுண்டீஸ்வரிகூட நேற்று நம் கேட் அருகே கூடையை இறக்கி வைத்துவிட்டு, இன்னாம்மா, பக்கத்து ஊட்டுப் பொண்ணு வேலையக் கெடுக்க மொட்டக் கடுதாசி போட்டியாமே, படிச்சவங்க பண்ற வேலையா இது என்று கேட்டாள். பெயர் போடாமல் ஒரு வரிகூட எழுதியவள் இல்லை நான். நான் செய்தது வேறு, அது இதைவிட மோசம் என்பது எனக்கே நான்கு நாளாகத்தான் புரிகிறது. மற்றபடி கர்த்தர் கிருபையால் நடமாடிக்கொண்டிருக்கிறேன், பிரஷர் மாத்திரை தவறுவதில்லை. புனேயில் நீ சுகம் என்பதை நீ வாட்ஸ்அப்பில் அனுப்பும் கட்டைவிரலைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன், ஒரு வாரமாக அதற்கு மேல் உன்னிடமிருந்து எதுவும் வரவில்லை, காரணமும் எனக்குத் தெரியும்.

பக்கத்து வீட்டு மங்களத்தின் மகள் ரோஷினியை உன் கம்பெனியின் சென்னை ஆபீசுக்கு ரெஃபர் செய்தது நீ. ஆள் தேர்வான பிறகு, சொன்ன முகவரியில்தான் இருக்கிறாரா என்று பார்க்க ஒரு ஏஜென்சிக்காரர் வீடு தேடி வருவது உங்கள் துறையில் வழக்கம், உனக்காகவே மூன்று முறை வந்து நம் கதவை போட்டோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அப்படி ஒருவர் போன மாதக் கடைசிச் சனிக்கிழமை ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு வந்தார். பக்கவாதம் வந்த அவள் அப்பா பரந்தாமனை பிசியோதெரபிக்காக ஆவடிக்கு அழைத்துக்கொண்டு மங்களமும் ரோஷினியும் போயிருந்தார்கள், வீடு பூட்டியிருந்தது, அதனால் என்னிடம் வந்தார். அவர் கேட்டது இரண்டே கேள்வி. இந்தப் பெண் இங்கேதான் இருக்கிறாளா, எத்தனை வருடமாக. ஆமாம், ஒன்பது வருடம் என்று சொல்லி நான் உள்ளே போயிருக்க வேண்டும். அவரோ, மேடம், நீங்க பேசற இங்கிலீஷ் எங்க மேனேஜருக்கே வராது என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. அவருடைய எழுத்தும் பார்க்கச் சகிக்கவில்லை, கொடுங்கள் இப்படி என்று பாரத்தை வாங்கி நானே நிரப்பினேன். கீழே குறிப்பு என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. அதை யாரும் என்னைக் கேட்கவில்லை. அதில், இந்தப் பெண் கடந்த எட்டு மாதமாக வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறாள் என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதி, என் பெயர், வயது, கதவு எண், இங்கே நாற்பது வருடம் என்பதெல்லாம் போட்டுக் கையெழுத்திட்டேன்.

பொய் என்று தெரிந்து எழுதவில்லை எவா. காலை எட்டரைக்குக் கழுத்தில் அடையாள அட்டையோடு கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களைத்தான் வேலைக்குப் போகிறவர்கள் என்று என் கண் எடுத்துக்கொள்கிறது. இவள் பத்தரை மணிக்கு நைட்டியோடு துணி காயப்போடுவாள், கேஸ் சிலிண்டர் வந்தால் இவள்தான் கையெழுத்துப் போடுவாள், மற்ற நேரமெல்லாம் ஜன்னலோரம் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருப்பாள், பாட்டுக் கேட்கிறாள் என்று நினைத்தேன். இவ்வளவு மட்டும் சொல்லி நிறுத்தினால் அதுவும் பாதி உண்மைதான். அந்த வாரம் மங்களம் ஒரு கிண்ணம் கேசரி கொண்டு வந்து, இனிமே எங்க ரோஷினியும் எவா அக்கா கம்பெனிதான்மா, ரெண்டு பேரும் ஒண்ணாயிட்டாங்க என்று சிரித்தாள். நீ பன்னிரண்டு வருடம் ஊர் ஊராக அலைந்து சேர்ந்த இடத்துக்கு இவள் ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே வந்துவிட்டாளா என்று எனக்குச் சுருக்கென்றது. கேசரியைச் சாப்பிட்டேன். சுருக்கென்றது போகவில்லை, அந்தக் கட்டத்தில் போய் இறங்கியது.

போன வாரம் கம்பெனியிலிருந்து அவளுக்கு மெயில் வந்திருக்கிறது, சேருவதை நிறுத்தி வைத்திருக்கிறோம், பதினெட்டாம் தேதிக்குள் விளக்கம் கொடுங்கள் என்று. பாரத்தின் நகலும் அதில் இருந்ததாம். பரந்தாமன் படுத்தபோது அவர்களுடைய பேங்க் பாரமெல்லாம் நான்தானே எழுதிக் கொடுத்தேன், கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது அவளுக்கு. திங்கட்கிழமை கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள், உள்ளே வா என்றும் வரவில்லை. ஆன்ட்டி, அந்த எட்டு மாசமும் பெங்களூர் கம்பெனி ஒண்ணுக்கு வீட்லேர்ந்து வேலை பார்த்தேன், ரெஸ்யூமேல அப்படித்தான் போட்டிருக்கேன், அப்பா கட்டில் பக்கத்துல லேப்டாப்ப வெச்சு அவருக்குக் கஞ்சி குடுத்துக்கிட்டே ஆபீஸ் கால்ல பேசிக்கிட்டிருப்பேன், அந்தக் கம்பெனியை இப்ப மூடிட்டாங்க, வேலை பார்த்ததுக்கு லெட்டர் குடுக்க ஆளில்ல, எவா அக்காவையும் எச்.ஆர். கூப்பிட்டுக் கேட்டிருக்காங்க, நீங்க ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா, கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினேன் என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். அவள் போன பிறகுதான் நம் சாப்பாட்டு மேஜையைப் பார்த்தேன். கொரோனா சமயத்தில் நீ அதே மேஜையில், அதே மாதிரி ஹெட்போனோடு, நைட்டிக்கு மேலே ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு ஒன்றரை வருடம் வேலை செய்தாய். கேமராவில் விழுந்துவிடக் கூடாது என்று நான் குனிந்து வந்து காபி வைத்துவிட்டுப் போவேன். என் பெண் உட்கார்ந்தால் அது வேலை, மங்களத்தின் பெண் உட்கார்ந்தால் பாட்டு.

மொட்டைக் கடிதம் இல்லை, மொட்டைக் கடிதம் இல்லை என்று நான் தெருவெல்லாம் சொல்லி வந்ததும் ஒளிந்துகொள்ளத்தான். மொட்டைக் கடிதமாக இருந்திருந்தால் கம்பெனிக்காரர்கள் கிழித்துப் போட்டிருப்பார்கள். என் பெயரும் வயதும் நாற்பது வருட முகவரியும் இருந்ததால்தான் நம்பினார்கள்.

செவ்வாய்க்கிழமை ஷேர் ஆட்டோ மாறி மாறிப் பூந்தமல்லிக்குப் போனேன், ஏஜென்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டாவது மாடி, மெட்ரோவுக்காகத் தோண்டிய தூசி புடவையெல்லாம். அங்கே இருந்த பெண், ரிப்போர்ட் போயிடுச்சு மேடம், இனிமே கம்பெனி கேட்டாத்தான் நாங்க மாத்த முடியும் என்று சொல்லிவிட்டாள். திரும்பி வந்து, நான் எழுதியது தவறு, விசாரிக்காமல் எழுதினேன் என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்திட்டு மங்களத்திடம் கொண்டு போனேன். அவள் கையில்கூட வாங்கவில்லை. நீங்க எழுதினதே போதும்மா என்றாள்.

அந்தக் கடிதத்தைத்தான் இதோடு வைத்திருக்கிறேன், அதன் போட்டோவை இன்று உன் போனுக்கும் அனுப்பிவிட்டேன். கம்பெனிக்குள் இதைக் கொண்டு போய்க் கொடுக்க உன்னைத் தவிர எனக்கு யாரும் இல்லை. கொடுத்தால், ரெஃபர் செய்தவளின் அம்மாவேதான் அந்தப் பக்கத்து வீட்டுக்காரி என்று தெரிந்துபோகும், உன்னை இன்னொரு முறை கூப்பிட்டுக் கேட்பார்கள், உன் பெயர் அடிபடும் என்பதெல்லாம் யோசித்தேன். யோசித்த பிறகும் கொடு என்றுதான் சொல்கிறேன். உன்னைக் காப்பாற்ற இதையும் பெட்டியில் வைத்துப் பூட்டினால் அந்தப் பெண்ணுக்கு நான் இரண்டாம் முறையும் கெடுதல் செய்ததாகும்.

ஒன்பது மணி மீட்டிங்குக்கு முன்னால் ஏதாவது சாப்பிடு, பிஸ்கட் சாப்பாடு ஆகாது. இடுப்பு வலிக்கு டாக்டர் சொன்ன நாற்காலியை வாங்கினாயா? கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், உன் வாயிலும் கையிலும் நியாயம் இருக்கட்டும், என்னிடம் இல்லாமல் போனதை உனக்குத் தரட்டும்.

போனில் நீ பரவாயில்லம்மா என்பாய், நானும் உடனே என் பக்க நியாயம் பேச ஆரம்பித்துவிடுவேன், அதனால் போன் வேண்டாம். பதினெட்டாம் தேதிக்குள் அந்தக் கடிதத்தைக் கொடுத்தாயா, இல்லையா என்று எனக்கு எழுத்தில் பதில் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா
ஞானகுமாரி