டி என்ற இனிஷியல்

2 பிப்ரவரி 2009, திங்கள்

கும்பகோணத்துக்கு வந்து வேலை செய்கிறேன் என்றுதான் பேர். ஆஸ்பத்திரி மாடியில் ஒரு புறாக்கூண்டு அறை, ஒரே கம்ப்யூட்டர். எந்த நோயாளிக்கு எந்த நாள் டயாலிசிஸ் முறை என்று காட்டும் சாஃப்ட்வேரை நாங்கள் செய்கிறோம். அதைச் சோதிக்கப் பதினெட்டு சோதனைகள் எழுதியிருக்கிறேன், தானாகவே ஓடும். ஒவ்வொன்றும் சில பொய் நோயாளிகளைச் சேர்த்துப் பார்க்கும். முடிந்ததும் அவர்களை அழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் சோதனையின் ஆள் இரண்டாவது சோதனையின் கட்டிலில் படுத்திருப்பான்.

இதுவரை சிலேட்டைப் போல மொத்தமாகத் துடைத்தேன். இன்று நிஜ நோயாளிகளின் பட்டியலும் இதே கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது. இன்னொரு கம்ப்யூட்டர் கேட்டால், "அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா" என்கிறார் முதலாளி வெங்கடகிருஷ்ணன் சார். சரி, பொய் ஆட்களுக்கெல்லாம் இனிஷியல் டி. டெஸ்ட்டுக்கு டி. ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் டி இனிஷியலை மட்டும் அழி. "பலே சபிஹா" என்றார் சார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

5 பிப்ரவரி, வியாழன்

சாயங்காலம் ஓட்டினேன். பதினெட்டும் பாஸ்!

6 பிப்ரவரி, வெள்ளி

எழுத்து கோணலாக வருகிறது.

காலையில் டயாலிசிஸ் நர்ஸ் ராசம்மாள் மாடிக்கு வந்தார். "முருகையன் எங்கம்மா? திருத்துறைப்பூண்டிக்காரரு. திங்கக்கிழம சாயங்காலந்தான் புதுசா சேந்தாரு. இன்னிக்கு அவரு முறை. பேரே இல்லன்னு கீழ ரிசப்ஷன்ல திருப்பி அனுப்பிட்டாங்களாம்."

தேடினேன். டி. முருகையன் இல்லை. டி இனிஷியலில் ஒருத்தருமே இல்லை. ஒருத்தர்கூட.

தங்கையன், தியாகராஜன், துரைராசு — இந்த ஜில்லாவில் எத்தனை அப்பாக்கள்! அவர்கள் பிள்ளைகளுக்கெல்லாம் டி தானே? என் அத்தா யூனுஸ், நான் ஒய். அதனால் தோன்றவில்லையா? என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

ஞாயிற்றுக்கிழமை நகல் எடுத்துவைத்த சி.டி.யிலிருந்து ஏழு பேரைத் திரும்ப ஏற்றினேன். அவர்கள் முறை நாளைக்குத்தான், தப்பித்தார்கள். முருகையன் அந்த சி.டி.க்குப் பிறகு வந்தவர். அவர் போன் நம்பர், தெரு எல்லாம் நான் அழித்த வரியில்தான் இருந்தன.

"செவ்வாக்கிழம செஞ்சது. இன்னும் தள்ளுச்சுன்னா நெஞ்சுல தண்ணி கோத்துக்கும்" என்றார் ராசம்மாள். "பாக்குறேன் சிஸ்டர்" என்றேன். நான்தான் அழித்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அண்ணன் அஸார் துபாயில் வேலை போய் வீட்டுக்கு வந்து மூன்று மாசம். வீட்டில் என் சம்பளம்தான். யா அல்லாஹ், அதையா அப்போது நினைத்தேன்?

7 பிப்ரவரி, சனி

காலையில் சாருக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். "வெளிய மூச்சு விடாத. அவரே வருவாரு." வராவிட்டால்?

அண்ணனிடம் அழுதேன். பக்கத்து வீட்டு வேனை வாங்கி வந்து, "ஏறு புள்ள" என்றது.

திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கேட்டேன். "முருகையன்னா தெருவுக்கு நாலு பேரு இருக்கான். அப்பா பேரச் சொல்லுங்க" என்றார் கடைக்காரர்.

என்னிடம் இருந்தது அந்த ஒரு எழுத்துதான். "த-வுல ஆரம்பிக்கும்ணே. கும்பகோணத்துக்கு டயாலிசிஸ் போறவரு."

"அட, நம்ம தங்கையன் மவன்!"

முருகையன் வீட்டில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் ஊதியிருந்தது, படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். "பேரு இல்லன்னாங்க. இவன் தேற மாட்டான்னு எடுத்துட்டாங்க போலன்னு நெனச்சேம்மா. திரும்பக் கேக்க பயமா இருந்துச்சு."

"இல்லய்யா. நான்தான் தெரியாம அழிச்சிட்டேன்."

என்னையே பார்த்தார். பிறகு அண்ணனின் தோளைப் பிடித்து எழுந்தார். வேனில் அவர் மூச்சு கரகரத்துக்கொண்டே வந்தது. மன்னார்குடி தாண்டியதும் சத்தம் நின்றது. செத்தேன் என்று திரும்பினேன். தண்ணீர் கேட்டார். ரெண்டு மடக்குக்கு மேல் கொடுக்கவும் பயம்.

8 பிப்ரவரி, ஞாயிறு

நேற்று போனதுமே டயாலிசிஸ் செய்தார்கள், பிழைத்துவிட்டார். ராசம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இன்னும் ஒரு நாள் போயிருந்தா..." என்றவர், முடிக்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

20 பிப்ரவரி, வெள்ளி

சோதனைக்கென்று தனிக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. இனி அதில் என்ன துடைத்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது. துடைக்கப்போவது வேறு ஆள். இந்த மாதத்தோடு நின்றுகொள்ளச் சொல்லி சார் கடிதம் தந்துவிட்டார். "போனாப் போவுது புள்ள" என்றது அண்ணன்.

மேசையைக் காலி செய்துகொண்டிருந்தேன். கீழே ராசம்மாள் பட்டியலைப் பார்த்துப் பேர் கூப்பிடுவது கேட்டது. டி வந்ததும் கையிலிருந்ததை வைத்துவிட்டுக் காது கொடுத்தேன்.

"டி. முருகையன்!"

"இருக்கேன்!"

"எதுக்குய்யா இப்படிக் கத்துறீங்க? பக்கத்துலதான நிக்கிறேன்."

"மாடியில அந்தப் பொண்ணுக்குக் கேக்கணும்ல."