கணக்குப் பரீட்சையும் சிக்கன் ஃப்ரைடு ரைஸும்

பிப்ரவரி 9, ஞாயிறு

ஃப்ரைடு ரைஸ் என்று நான் இறக்கி வைத்ததை இன்று கரண்டியால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. மகள் சத்யா தட்டைக் கவிழ்த்துக் காட்டினாள். விழவில்லை.

"நைனா, இத்த வச்சு படகு ஓட்டைய அடைக்கலாம்."

உப்பும் இல்லை. படகில் சோறு பொங்கும்போது கடல் தண்ணீர் ஒரு சொம்பு சேர்த்துவிடுவோம். தனியாக உப்புப் போட்டுக் கை பழகவில்லை. ஆறு பேருக்குப் பொங்கிப் போடுகிறவன் என்று காலையில் அவ்வளவு பீற்றல் எதற்கு எனக்கு?

கடைசியில் என் பெண்டாட்டி அமுதவல்லிதான் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு வந்து மறுபடி சமைத்தாள். முப்பத்தேழு வயதில், பள்ளிக்கூடம் போகாமல் தனித்தேர்வராகப் பத்தாவது எழுதப்போகிறவள். "ஊட்டு வேலய பாக்கவா, வட்டத்தோட சுத்தளவ பாக்கவா? நான் போவல பரீட்சைக்கு."

சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

பிப்ரவரி 10

என் பெண்டாட்டி பரீட்சை எழுதாமல் போனால் காரணம் ஒரு குண்டான் சோறா? சே.

பிப்ரவரி 16, ஞாயிறு

பஜாரில் தள்ளுவண்டி போடும் தானியேலைக் கேட்டிருந்தேன். "சூட்டோட போட்டா களிதாண்ணே ஆவும். நல்லா ஆற வுடு" என்றான்.

அது நமக்குத் தெரிந்த வேலைதானே! முக்கால் பதத்தில் வடித்து, நெத்திலி காயப்போடுகிற மாதிரி சுத்தமான துணியில் ஒட்டாமல் பரப்பி, ஃபேனைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஊட்டுக்குள்ள ஏது நைனா காக்கா?" என்று சத்யா கேட்ட பிறகுதான் என் கையில் குச்சி இருப்பதே தெரிந்தது.

பீன்ஸ், கேரட், கோஸ் பொடியாக. எலும்பில்லாத கோழி, மிளகுத்தூள், சோயா சாஸ். இரண்டு முட்டை. இரும்புச் சட்டி, தீ முழுசாக. உப்பை மட்டும் மூன்று தடவை நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

உதிர்ந்தது! மணிமணியாக உதிர்ந்தது!

அமுதவல்லி பேனாவைக் கீழே வைக்காமலே சாப்பிட்டாள். "கேரட்டு வேவலய்யா" என்றாள். இன்னொரு கரண்டி கேட்டாள். அவள் எழுந்து அடுப்புக்கு வரவில்லை, அதுவே எனக்குப் போதும்.

மார்ச் 23

ஆறு ஞாயிறாக அடுப்பு என்னுடையது. வலை இழுக்கும்போது கங்காதரன், "இன்னா மச்சான், ஓட்டல் வாசன அடிக்குது?" என்கிறான். அடிக்கட்டும்.

ஏப்ரல் 7

கணக்குப் பரீட்சை. விடிந்ததும் மறுபடி ஆரம்பித்தாள் — பரீட்சைக்குப் போவலையாம், ஒன்றும் ஞாபகமில்லையாம். "ஊட்ல சமையல் வேற கெடக்குது..."

"ஆச்சு" என்று டப்பாவை நீட்டினேன்.

டப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பொன்னேரி பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

மே 16

பாஸ்! எல்லாப் பாடத்திலும் பாஸ். கணக்கில் நாற்பத்தொன்று.

சாயந்திரம் தெருவுக்கே என் ஃப்ரைடு ரைஸ். மூன்று கிலோ அரிசி, ஒரு பருக்கை ஒட்டவில்லை. கங்காதரன் மூன்றாம் தடவை தட்டை நீட்டியபோது வாசனையைப் பற்றி வாயே திறக்கவில்லை. லோகாம்பாள் அக்கா அமுதவல்லியின் கன்னத்தைக் கிள்ளி, "நம்ம கோட்டைக்குப்பத்துக்கே பெருமடி" என்றாள்.

"இன்னாக்கா பெரும? எங்க ஊட்டுக்காரரு அந்தக் காலத்துலயே பத்தாவது பாஸு. நான் இப்பத்தான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சட்டியைக் கிளறினேன். கணக்கில் இருபத்தெட்டு வாங்கி ஃபெயிலாகி, திரும்ப எழுதப் பயந்து படகேறினவன். பெண் பார்க்கப் போன அன்று பாஸ் என்று சொன்னவன். அடுத்த வருஷம் எனக்கும் சொல்லித் தா அமுதா என்று நாக்கு நுனி வரை வந்தது.

"சிக்கன் இன்னும் வைக்கவா?" என்று கேட்டேன்.