நிலைக்குப் பொட்டு

மேற்கணக்கு லயம்,
பதுளை.
ஆவணி, 1998

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். இங்கே மழை. கொழுந்து பரவாயில்லை.

எல்லப் பக்கத்துத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவுக்கு நீங்கள் கட்டுகிற புது அறை பூச்சு வேலைக்கு வந்துவிட்டதாம். அங்கே தன் தங்கச்சி வீட்டுக்குப் போய்வந்த பெரியாயி அக்கா சொன்னார்.

"ஒம் புருசன் பூசுன செவரு கண்ணாடியாட்டம் இருக்குடி. கதவு நெலை வச்ச அன்னைக்கு அங்க புள்ளைகளப் பாத்துக்குற டீச்சரம்மாதான் மஞ்ச பூசிப் பொட்டு வச்சுச்சு."

நான் சுவரைப் பற்றி மட்டும்தான் கேட்டேன். டீச்சர் சிவப்புச் சேலை கட்டியிருந்தது அக்காவாகச் சொன்னது.

கோயில் மண்டபத்தைப் பெரிதாக்கினபோதும் வாசிகசாலை கட்டினபோதும், "ஒன் கை ராசியான கை புள்ள" என்று சொல்லி, என்னை வேலைக்குப் போகவிடாமல் நிலைக்குப் பொட்டு வைக்கக் கூட்டிப்போனீர்கள். எல்லவுக்கு இப்போது பஸ் ஓடுவதில்லையா?

டீச்சர் படித்தவர். கழுத்தில் தாலி இல்லாவிட்டாலும் அவர் கையும் நல்ல கையாகத்தான் இருக்கும்.

நம் காம்பராவுக்குப் பின்னால் அடுப்பு வைக்க நீங்கள் இறக்கிய குசினி வாசலில் இன்னும் சாக்குதான் தொங்குகிறது. வருகிற வெள்ளிக்கிழமை அதற்கு நிலை வைக்கிறேன். மரம் வந்துவிட்டது. பொட்டு நான் வைப்பேன். நிலையைத் தூக்கி நிறுத்தக் கீழ்க்கணக்கு லயத்து மேசன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். உங்களுக்கு அங்கே வேலை இருந்தால் அலைய வேண்டாம்.

அவர் கையும் ராசியான கையாம்.

இப்படிக்கு,
மஞ்சள் அரைத்து வைத்திருக்கிற
உங்கள் வீட்டுக்காரி