எந்தக் கம்பெனி லைன் வந்தாலும்

அன்புள்ள உங்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

பத்து நாளாக ஹால் கேமராவில் வீடு தெரியவில்லை, உடனே வேறு இன்டர்நெட் கம்பெனிக்கு மாறு என்று போனில் சத்தம் போட்டீர்கள். உங்கள் குரல் ஏறினால் எனக்கு வாய் அடைத்துவிடும். அதனால்தான் நீங்கள் இருக்கும் தம்மாமுக்குப் புறப்படும் அப்துல் சமத் மாமாவிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

விசாரிக்காமல் இல்லை. வேறு கம்பெனி ஆட்கள் ஃபைபர் இழுக்க வந்தால், நம் தெருக் கேபிள்காரர் மொட்டைமாடி ஏற விடமாட்டார். இன்னொரு கம்பெனி வீட்டு ஓனரின் கையெழுத்து கேட்கிறது. சிம் போடும் டப்பாவுக்கு நம் கீழ்வீட்டில் சிக்னல் கிடைக்காது.

நேற்றுக் கேபிள்காரரே வந்து பார்த்தார்.

"லைன் நல்லாத்தான் கீதுக்கா. மோடம் அடாப்டரை யாரோ புடுங்கி வெச்சிகீறாங்க."

"பசங்க வேலையா இருக்கும்" என்றேன். நம் வீட்டில் பசங்க ஏது என்று அவர் கேட்கவில்லை.

போன மாதம் நீங்கள் கேட்டீர்களே, "மேசைமேல ரெண்டு டம்ளர் எதுக்கு?" என்று. கேமராவுக்கு மேசை மட்டும்தான் தெரியும். எதிர் நாற்காலியில் இருந்தது உங்கள் தங்கை ஜுவேரியா. அன்றிலிருந்து அடுப்படியில் நின்றுகொண்டேதான் டீ குடித்தேன்.

அடாப்டர் என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. கேமராவைக் கழற்று என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், அன்றே அடாப்டரை மாட்டுகிறேன். அதுவரை எந்தக் கம்பெனி லைன் வந்தாலும் இப்படித்தான்.

இப்படிக்கு,
பத்து நாளாக ஹாலில் உட்கார்ந்து டீ குடிக்கும்
உங்கள் மனைவி