அண்ணையின் வாயில் வைத்த பாட்டு

அண்ணை,

கார் து நோர் நிலையத்தில் ரயிலேறியதிலிருந்து பைக்குள் அச்சு மை மணக்கிறது. உங்கள் கல்வெட்டு. நீங்கள் செத்த முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்த நினைவுப் புத்தகம். முகப்பில் நீங்கள் சிரிக்கிறீர்கள்.

லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெரு உணவகத்தின் குசினியில் நீங்கள் வெங்காயம் உரிக்க, நான் கைபேசியை உங்கள் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நிற்பேன். தீவாந்தரக் கைதிகளைப் பற்றி அந்தக் காலப் பிரெஞ்சுக்காரர் ஒற்றைத் தாளில் அச்சடித்து, தெருவில் பாடி விற்ற பாட்டுகள். இணையத்தில் அலைந்து ஒவ்வொன்றாகச் சேர்த்து, பாடிப் பதிவேற்றிய பைத்தியம் நான். இன்னொன்று கிடைத்துவிட்டது என்று குதிப்பேன். கடலுக்கப்பால் கயான் சிறைக்குக் கப்பலேற்றப்படும் ஒருவன், பெற்ற தாயிடம் மன்னிப்புக் கேட்டுக் கண்ணி கண்ணியாக அழுவான். அடுத்த தாளில் வேறு கைதி, வேறு குற்றம். மேலே மட்டும் அதே மரக்கட்டைப் படம்.

"கப்பல் இன்னும் வெளிக்கிடேல்லை, அதுக்குள்ளை அழுது முடிச்சிட்டானே," என்றீர்கள் ஒருநாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இது அவன் சொன்னதில்லையடா. தீர்ப்புச் சொன்னவன்ர கதையை எடுத்து இவன்ர வாயிலை வைச்சிருக்கிறாங்கள்," என்றீர்கள். வேறொருவரின் அடையாள அட்டையில் வேலை செய்து பிடிபட்டு, சிறைக்குள் இருந்து வந்தவர் நீங்கள். உங்களுக்குத் தெரியும்.

இப்போது உங்கள் வாயிலும் வைத்துவிட்டார்கள், அண்ணை. அச்சகத்தாரிடம் உங்கள் மாமா உங்கள் பெயரையும் ஊரையும் சிறையையும் சொல்லியிருக்கிறார். மிச்சத்தை அவர்களே பாடிவிட்டார்கள்.

"கடல்கடந்து வந்தேனே, கைவிலங்கு பூண்டேனே,
பெற்றவளே, என்பிழையைப் பொறுத்தருள்வாய் தாயே."

அடுத்த பக்கம் 'மனைவி புலம்பல்'. கலியாணமே செய்யாத உங்களுக்கு. வேறு யாருக்கோ கோத்த பக்கத்தை எடுக்க மறந்திருக்கிறார்கள். மண்டபத்தில் அதைக் காட்டி, "இது ஆற்றை மனிசியப்பா?" என்று சிரித்தார்கள். முதற் பக்கத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதுதான் எனக்கு அருவருத்தது.

மாமா என்னிடம் வந்தார். "நீ பாடுறனியெல்லே. அம்மா வீடியோவிலை நிக்கிறா, இதைப் பாடு."

"அண்ணை இப்பிடிச் சொல்லேல்லை."

"சொல்லாட்டி என்ன? சனம் அழவேணும். இல்லாட்டிக் கல்வெட்டு என்னத்துக்கு?"

அவரே பாடினார். யாழ்ப்பாணத்திலிருந்து உங்கள் அம்மா கைபேசியைக் காதோடு ஒட்டிப் பிடித்திருந்தார். திரையில் காது மட்டுந்தான் தெரிந்தது. பாட்டு முடிந்ததும் என்னைத்தான் கேட்டார்:

"தம்பி, நீதானே அவனோடை இருந்தனி. பிழை செய்துபோட்டன் எண்டு மனம் நொந்தோ என்ர பிள்ளை போனவன்?"

மாமா என் காலை மிதித்தார்.

"இல்லை அம்மா. வெளியிலை வந்த அண்டைக்கு அண்ணை சொன்னது ஒண்டே ஒண்டுதான். அவங்களுக்குச் சோறு அவிக்கத் தெரியாதாம்."

காது விலகி முகம் வந்தது.

"குழைய விட்டிருப்பாங்கள்," என்றார் அம்மா. "சின்னனிலையே குழைஞ்ச சோத்தைத் தள்ளி வைச்சிடுவான்." அதற்குப் பிறகுதான் அவர் அழுதார்.

நான் சேர்த்த அத்தனை பாட்டுகளையும் ரயிலில் புரட்டிப் பார்த்தேன், அண்ணை. கப்பலேறிய ஒருவன்கூடச் சாப்பாட்டைக் குறை சொல்லவில்லை. உங்களுடையது என்று என்னிடம் இருப்பது அந்த ஒற்றை வரி. அதற்கு நான் மெட்டுப் போடமாட்டேன்.