சென்சார் வராத மூன்று வாரம்

அப்பா,

இன்று காலை டூல் பையைத் திறந்தால் உங்கள் தைல வாசனை. நீங்கள் போய் ஆறு மாதமாகிவிட்டது. பிசியோதெரபிக்கு உங்களைப் பைக்கில் கூட்டிப்போன நாளில் இந்த டூல் பைக்குள் தைலப் பாட்டில் சாய்ந்து ஒழுகியது, நான் நடுரோட்டில் கத்தினேன், ஞாபகம் இருக்கும். ஸ்பேனர்களை டீசல் விட்டுக் கழுவியும் அது போகவில்லை. இனிக் கழுவப்போவதுமில்லை. சோம்பல்தான், வேறு காரணம் தேடாதீர்கள்.

தேயிலை ஃபேக்டரியில் முப்பது வருடம் டிரையர் பார்த்தவர் நீங்கள். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் வராமல் போனபோது வயது ஐம்பத்தெட்டு. மெடிக்கல் போர்டு சர்ட்டிபிகேட் வாங்கி, பஞ்சாயத்தில் பென்ஷனுக்கு மனுவும் கொடுத்தாயிற்று; பேசாமல் தோட்டத்து லயத்து வீட்டில் இருங்கள் என்றேன். "லயத்துச் சுவத்தப் பாத்துக்கிட்டு எத்தன நாளைக்குல இருக்க? எனக்கு ஒரு வேல பாரு" என்றீர்கள்.

பார்த்தேன். கம்பம்மெட்டில் எனக்குத் தெரியாத ஏலக்காய் ஸ்டோர் கிடையாது. அங்கே காய் உலர்த்தும் டிரையர்களில் சூட்டைத் தானே கூட்டிக் குறைக்கிற கன்ட்ரோலர் மாட்டுவதுதானே என் பிழைப்பு. ஒவ்வொரு வாசலிலும் உங்களைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு நானே பேசினேன். வலது கை வராது, நடை மெதுவாகத்தான், படி ஏற முடியாது. ஓர் இடத்தில் நீங்கள் குறுக்கே புகுந்து, "ஏலே, என்னய வேலைக்குக் கூட்டியாந்தியா, ரிப்பேருக்குக் கூட்டியாந்தியா?" என்றீர்கள். அந்த முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். வேலை தரவில்லை. "விழுந்து கிழுந்து வச்சா யாரு தம்பி பதில் சொல்றது?"

உட்கார்ந்து சூட்டைப் பார்க்கிற வேலை ஒன்றுதான் உங்களால் முடியும். அந்த வேலையைத்தான் நான் ஸ்டோர் ஸ்டோராக ஒழித்துக்கொண்டு வந்திருந்தேன். ஏழெட்டு வாசல் ஏறி இறங்கிய பிறகுதான் அது எனக்கு உறைத்தது. படித்தவன் புத்தி.

கடைசியில் இடம் கிடைத்தது மலையாளி முதலாளி பேபிச்சேட்டனின் பழைய ஸ்டோரில். விறகு அடுப்பு, சுவரில் ஒரு தெர்மாமீட்டர். முக்காலியில் உட்கார்ந்து, "செல்வி, ரெண்டு கட்ட போடு தாயி" என்று அடுப்பு பார்க்கிற பெண்ணுக்குக் குரல் கொடுப்பீர்கள். இடது கையில் நாலு காயை அள்ளிக் காதருகே குலுக்கி, விதை சத்தம் போட்டால்தான் இறக்கச் சொல்வீர்கள்.

மூன்றாவது மாதம் பேபிச்சேட்டன் என்னிடம் கன்ட்ரோலர் கேட்டார். கன்ட்ரோலர் பெட்டி என் வண்டியிலேயே இருந்தது. அதோடு மாட்டும், சூட்டை அளக்கிற சென்சார் வரவில்லை என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். மூன்றாவது வாரம், பைக்கில் பின்னால் உட்கார்ந்தபடி நீங்கள் கேட்டீர்கள்.

"சென்சார் வரலையா, நீ வரவிடலையா?"

"மாட்டினா உங்க வேல போயிரும்ப்பா."

"அத எங்கிட்ட கேட்டியா?"

"கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க?"

"மாட்டுன்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா கேட்டிருக்கணும்ல."

மறுநாள் நீங்களே பேபிச்சேட்டனிடம் போனீர்கள். "சேட்டா, எம்மவன் பொய் சொல்லிட்டான். சாமான் அவன் வண்டியிலதான் கெடக்கு." நீங்கள் நிறுத்தவில்லை. "பெட்டி சூட்டப் பாக்கும். மழைக்குக் கரண்டு போனா யாரு பாக்குறது? காய் காஞ்சிருச்சான்னு பெட்டிக்குக் கேக்குமா? பகல்ல நான் இருக்கேன், பாருங்க." அவர் என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, "செரி, ரெண்டும் இருக்கட்டே" என்றார். எத்தனை வாசலில் நான் பேசியும் கிடைக்காத பதில். பெட்டியை நான் மாட்டும்போது நீங்கள்தான் டார்ச் பிடித்தீர்கள். மழைக்காலத்தில் இரண்டாவது முறை பக்கவாதம் வந்து விழும்வரை அந்த முக்காலி உங்களுடையது.

அலுப்பாக இருக்கிறது அப்பா. உங்களுக்கு வேலை கிடைத்தது என்று கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் என்னிடம் வருகிறார்கள். பாதிப் பேருக்கு நான் போனே எடுப்பதில்லை. போன ஞாயிறு மேல் லயத்து மேரி, சர்ச்சு முடிந்ததும் பிடித்துக்கொண்டாள். சர்க்கரையில் ஒரு கால் எடுத்த அவள் அப்பாவுக்காக. "அந்த எடம் காலியாத்தான கெடக்கு. பேசி விடுங்கண்ணே." பேபிச்சேட்டனைக் கூப்பிடப் போனை எடுத்தும்விட்டேன். நீங்கள் பைக்கில் சொன்னது நினைவு வந்து தொலைத்தது. ஏற்றத்தில் மூச்சு வாங்க நடந்துபோய் அந்த மனிதரிடமே கேட்டேன்.

"ஏலக்கா ஸ்டோரா? அந்த அனல்ல எவன் உக்காருவான்? எனக்குக் கோழி வளக்கணும். இந்த ஊன்றுகட்டையோட குனிய முடியாது, கூடு இடுப்பு ஒசரத்துக்கு வேணும்."

"அப்பா! அந்த அண்ணன் எம்புட்டுத் தூரம் நடந்து வந்திருக்காரு!" என்றாள் மேரி.

"கேட்டாரு, சொன்னேன்."

எனக்கு எரிச்சல்தான். வந்த வழி வீண். திரும்பி நாலு எட்டு வைத்தவன், மறுபடி போய், "அளக்கவா?" என்று அவரிடம் கேட்டேன். அவர் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து நின்றார். டேப்பை எடுத்து, தரையிலிருந்து அவர் இடுப்புவரை அளந்தேன்.